ரேடியேட்டர் தண்ணி என்ன சொல்லுது?

உழவுக்குக் கிளம்பும் முன் ஆயில், டீசல், டயர் காற்று எல்லாம் பார்க்கிறோம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போன பிறகுதான், "தண்ணி கொறஞ்சிருச்சு போல" என்று போர் தண்ணியை ஒரு குடம் பிடித்து ஊற்றுகிறோம். உப்புத் தண்ணி மண்ணுக்கு ஆகாது என்று ஊருக்கே சொல்லும் நாம், எஞ்சினுக்கு மட்டும் அதையே கொடுக்கிறோம்.

"நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலன்ட் எதுக்கு?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்காலும் துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கின்றன. தண்ணீரோடு சரிபாதி கலந்தால், 100 டிகிரியைத் தாண்டி இன்னும் ஏழெட்டு டிகிரி ஏறிய பிறகே கொதிக்கும். ஆனால் அந்தத் துரு மருந்து நாள்பட நாள்பட வீரியம் குறையும். அழுக்கு சேர்வது அதன் பிறகுதான்.

பாட்டில் சோதனை

எஞ்சின் முழுசா ஆறினப்புறம் மட்டுமே மூடியைத் திறங்க. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொஞ்சம் கூலன்ட்டைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து, குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் ஒரு ராத்திரி அசையாமல் வைங்க. காலையில் பாருங்க.

நிறம் தெளிவா இருந்து, அடியில் ஒண்ணும் இல்லையென்றால் ஃப்ளஷ் தேவையில்லை. வண்டிப் புத்தகம் சொல்லும் மணிக்கணக்கு வரும்போது மாற்றினால் போதும். இப்படித் தெளிவா இருந்தும் வண்டி சூடேறினால், ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தைப் பாருங்க. வைக்கோல் தூசியும் பதரும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்தால் சரியாகும்.

செங்கல் நிறத்தில் கலங்கி, அடியில் வண்டல் படிந்தால் அது துரு. மூடியின் வாயில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் போர் தண்ணியின் உப்பு. கூழ் மாதிரி திரிந்திருந்தால் ரெண்டு வகை கூலன்ட் கலந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். மூன்றுக்கும் ஃப்ளஷ் செய்யணும்.

மேலே எண்ணெய் மிதந்தாலோ, பால் விட்ட டீ மாதிரி இருந்தாலோ நில்லுங்க. ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. ஆயிலும் வெளுத்திருந்தால் தண்ணி அதில் கலந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயில் நல்லா இருந்தால், ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஓட்டி, எட்டி நின்று பாருங்க. குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். தண்ணி சூடேறும் முன் நிறுத்திடுங்க. இதற்கெல்லாம் ஃப்ளஷ் மருந்தல்ல. முதலில் மெக்கானிக், பழுது பார்த்த பிறகே கழுவுதல். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். விதைப்பு நேரத்தில் அந்தச் செலவு கடனில்தான் முடியும்.

கழுவும் முறை

ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரின் அடித் திருகையும், எஞ்சின் பிளாக்கில் உள்ள திருகையும் திறந்து, அகலமான தட்டில் பிடிங்க. திருகுகளை மூடி நல்ல தண்ணி நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடிங்க. தெளிவா வரும்வரை ரெண்டு மூணு தடவை செய்யணும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணி ஊற்றினால் பிளாக் விரிசல் விடும்.

கடைசி அலசலுக்கும் கூலன்ட் கலக்கவும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்குங்க. கலந்தே வரும் கூலன்ட்டில் தண்ணி சேர்க்காதீங்க. நிறம் ஒத்திருக்கிறது என்று வாங்க வேண்டாம். வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையையே கேளுங்க. பழைய ரேடியேட்டரில் துரு கரைந்ததும் ஒழுகல் தெரியலாம். துருதான் அதுவரை ஓட்டையை அடைத்திருந்தது. ரேடியேட்டர் கடையில் கொடுத்து அடைக்கணும்.

வடித்தது எங்கே போகும்?

எனக்கு இதுதான் முக்கியம். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் கன்றும் தேடி வந்து நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். வரப்பில், வாய்க்காலில், எருக்குழியில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. முதல் அலசல் தண்ணியும் அப்படியே. மாட்டுத் தொட்டியில் பிடிக்காதீங்க. மூடியுள்ள கேனில் ஊற்றி, "விஷம்" என்று எழுதி, எட்டாத இடத்தில் வைத்து, கழிவு வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க. அந்தக் கேனைப் பஞ்சகவ்யத்துக்கோ குடிதண்ணிக்கோ திரும்ப எடுக்கவே கூடாது. சிந்திய இடத்தில் மண்ணையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்ச வைத்து அள்ளுங்க, அள்ளியதும் கழிவுதான்.

மருந்தில்லாமல் காத்த மண்ணில், வண்டியின் வழியாக விஷம் இறங்கக் கூடாது. அடுத்த உழவுக்கு முன்னால் ஒரு பாட்டில் எடுத்துப் பாருங்க.