இருமல் தொடங்கி எத்தனை நாள்?

கக்குவான் இருமல் என்ற சந்தேகம் வந்ததும் பலரும் முதலில் கேட்பது, "எந்த டெஸ்ட் அனுப்பலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் இருமல் என்றைக்குத் தொடங்கியது என்று கேட்க வேண்டும். அம்மாவைக் கேட்டால் "பத்து நாளா இருமுறான் சார்" என்பார். அவர் சொல்வது, பிள்ளை விடாமல் இருமி, முகம் சிவந்து, கடைசியில் கக்கத் தொடங்கிய நாளை. அதற்கும் ஒரு வாரம் முன்பே மூக்கு ஒழுகலும் லேசான இருமலும் இருந்திருக்கும். யாரும் கண்டுகொள்ளாத அந்த நாட்களில்தான் கிருமி மூக்கின் பின்புறம் மிகுதியாக இருக்கும். "அதுக்கு முன்னாடி சளி பிடிச்சிருந்ததா? ராத்திரியில லேசா இருமினானா?" என்று தோண்டிக் கேட்டு, கிடைக்கிற தேதியைப் படிவத்தில் எழுதுங்கள். தேதி இல்லாமல் வரும் மாதிரியை வைத்து லேப் எந்த முடிவைச் சொன்னாலும் அது அரைகுறைதான்.

தேதி தெரிந்தால் சோதனை தானாகவே முடிவாகிவிடும். இருமல் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் என்றால் கல்ச்சர், பிசிஆர் இரண்டையும் செய்யலாம். மூன்று, நான்கு வாரம் வரை பிசிஆர் கைகொடுக்கும். அதற்கு மேல் மூக்கில் கிருமியைத் தேடுவது வீண் வேலை. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்க வேண்டும். அசித்ரோமைசின் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் இந்தக் கணக்கு சுருங்கிவிடும். கல்ச்சர் சீக்கிரமே நெகட்டிவ் ஆகும். ஐந்து நாள் மருந்துக்குப் பிறகு பிசிஆரிலும் பெரிய பயனில்லை. ஆகவே முதலில் மாதிரியை எடுங்கள், உடனே மருந்தைக் கொடுங்கள். கைக்குழந்தைக்கு ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

அடுத்தது மாதிரி எடுப்பது. பாதிப் பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. இந்தக் கிருமி, சுவாசப் பாதையின் உட்பரப்பில் அசைந்துகொண்டிருக்கும் நுண்ணிய ரோம இழைகளைப் பற்றிக்கொண்டு வாழ்வது. அந்த இழைகள் மூக்கின் பின்கோடியில் உண்டு. மூக்கு நுனியிலோ வாய் வழியே தெரியும் தொண்டையிலோ துடைத்தால் அவை சிக்காது. கொரோனாக் காலத்தில் கண்ணில் நீர் வரவழைத்த அதே ஸ்வாப் முறைதான் இங்கும். பிள்ளையை அம்மா மடியில் உட்கார வைத்து, தலையை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். வளையும் மெல்லிய தண்டுள்ள குச்சியை மேல்நோக்கி அல்ல, மூக்கின் தரையை ஒட்டி நேராக உள்ளே விடுங்கள். மூக்குத் துவாரத்துக்கும் காது மடலின் அடிக்கும் உள்ள தூரத்தில் பாதியாவது போக வேண்டும். தட்டுப்பட்டதும் பத்து நொடி அங்கேயே வைத்து, மெல்லச் சுழற்றி எடுங்கள். நடுவில் பிள்ளைக்கு இருமல் வந்தால் நல்லதுதான், ஆனால் உங்கள் முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். சின்னக் குழந்தைகளுக்கு மெல்லிய குழாய் வழியே உறிஞ்சி எடுக்கும் சளி இன்னும் மேல்.

குச்சி நுனியில் பஞ்சு இருக்கக் கூடாது. பஞ்சில் உள்ள கொழுப்பு அமிலங்கள் கிருமியைக் கொன்றுவிடும். நைலான், ரேயான், டேக்ரான் எதுவானாலும் சரி. கால்சியம் ஆல்ஜினேட் கல்ச்சருக்கு ஒத்துவரும், பிசிஆரைக் கெடுக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. தடுப்பூசி போடும் மேசையில் இந்த மாதிரியை எடுக்காதீர்கள். ஊசி மருந்தில் கிருமியின் டிஎன்ஏ இருக்கலாம். ஒரு துளி மேசையில் சிந்தி, கையுறை வழியே குச்சியில் ஒட்டினாலே போதும், நோயில்லாத பிள்ளைக்குப் பாசிட்டிவ் வந்துவிடும்.

பிசிஆருக்கான ஸ்வாப்பை உலர்ந்த, கிருமி நீக்கிய குழாயில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்பலாம். கல்ச்சருக்கு அப்படி முடியாது. எடுத்த இடத்திலேயே தட்டில் தேய்ப்பது உத்தமம். இல்லாவிட்டால் கரி கலந்த ரீகன்-லோ ஊடகத்தில் குத்தி, ஒரு நாளுக்குள் லேப்பில் சேர்த்துவிட வேண்டும்.

1906இல் பிரஸ்ஸல்ஸில் ஜூல் போர்டேவும் ஆக்டேவ் ஜெங்கூவும் உருளைக்கிழங்கு, கிளிசரின், ரத்தம் கலந்த ஊடகத்தில் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 1930களில் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண்கள் பகல் வேலை முடிந்த பிறகு வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் வாய்க்கு முன் அந்த ஊடகம் ஊற்றிய தட்டைப் பிடித்து இருமச் சொன்னார்கள். அவர்களின் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். இன்று இருமல் தட்டு வழக்கொழிந்துவிட்டது. ஆனால் கல்ச்சருக்கு அன்று வேண்டியிருந்த பொறுமை இன்றும் வேண்டும். செஃபலெக்சின் சேர்த்த கரி-குதிரை ரத்த அகாரில் தேய்த்து, 35 முதல் 37 டிகிரியில், தட்டு காய்ந்துவிடாத ஈரப்பதத்தில் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பாருங்கள். ஏழு நாளுக்கு முன் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பாதரசத் துளி போல மினுங்கும் சின்னஞ்சிறு கூட்டங்கள் தெரிந்தால் கிராம் சாயம் போடுங்கள். சஃப்ரானினை இரண்டு நிமிடம் விட்டால்தான் இந்தக் குட்டைக் கிருமி சாயத்தைக் கொஞ்சமாவது ஏற்கும். ஆக்சிடேஸ் பாசிட்டிவ், யூரியேஸ் நெகட்டிவ் என்றால் கக்குவான் கிருமி. இரண்டும் தலைகீழாக வந்து ஊடகமும் பழுப்பேறினால் அதன் பங்காளியான பாராபெர்ட்டசிஸ். உறுதிப்படுத்துவதில் கல்ச்சரை மிஞ்ச எதுவுமில்லை. ஒன்றும் முளைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நோயில்லை என்று சொல்லிவிட முடியாது.

பிசிஆரில் சிக்கல் இதற்கு நேர்மாறு. பெரும்பாலான கிட்கள் தேடும் ஐஎஸ்481 என்ற மரபணுத் துண்டு ஒரே கிருமிக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரதிகளாக இருக்கிறது. அதனால் தூசி அளவு டிஎன்ஏவும் அகப்படும். கக்குவான் கிருமியின் போர்டெடெல்லா பேரினத்தையே சேர்ந்த ஹோல்ம்சியை என்ற வேறொரு கிருமியிடமும் அதே துண்டு உண்டு. 2006இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஒரு மருத்துவமனையில் பிசிஆரை மட்டும் நம்பி நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான் என்று முடிவு கட்டினார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு மருந்தும் ஊசியும் கொடுத்தார்கள். கடைசியில் ஒருவருடைய கல்ச்சரிலும் கிருமி வளரவில்லை. எனவே இருமல் இல்லாதவருக்கு பிசிஆர் செய்யாதீர்கள். சுழற்சி எண் 35ஐத் தாண்டி வரும் பாசிட்டிவை 'உறுதியில்லை' என்றே எழுதுங்கள். நச்சு மரபணுவைத் தேடும் இரண்டாவது சோதனையும் சேர்ந்தால் நல்லது. ஒரே ஊரில் பலர் இருமினால் சிலருக்காவது கல்ச்சர் போட்டே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் வசதியில்லாத சிறிய மருத்துவமனையிலும் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க முடியும். கிருமியின் நச்சு, நிணநீர் வெள்ளணுக்களை ரத்தக் குழாயை விட்டு வெளியேற விடாது; அவை ரத்தத்திலேயே குவியும். இருமும் கைக்குழந்தைக்கு வெள்ளணு 20,000ஐத் தாண்டி, அதில் லிம்போசைட்டே மிகுந்திருந்தால் கக்குவானை நினைத்தே ஆக வேண்டும். 50,000ஐ நெருங்கினால் நுரையீரல் அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். பெரியவர்களிடம் இந்தக் குறி பெரும்பாலும் தென்படாது.

ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை பெரியவர்களுக்குத்தான். குழந்தைக்குத் தொற்றைக் கொடுத்தவர் பெரும்பாலும் அதே வீட்டில்தான் இருப்பார்; ஒன்றரை மாதமாக "வறட்டு இருமல்தான்" என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்கும் பாட்டியாகவும் இருக்கலாம். இருமல் தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள், தாமதமானால் பன்னிரண்டு வாரம் வரை, பெர்ட்டசிஸ் நச்சுக்கு எதிரான ஐஜிஜியைப் பாருங்கள். அந்த நச்சு கக்குவான் கிருமிக்கு மட்டுமே உரியது. மற்ற புரதங்களைச் சேர்த்து அளக்கும் கிட்களும், ஐஜிஎம் கிட்களும் குழப்பத்தைத்தான் தரும். மில்லிலிட்டருக்கு 100 சர்வதேச அலகுக்கு மேல் இருந்தால் அண்மைத் தொற்று என்று கொள்ளலாம். கைக்குழந்தைக்கு இதே சோதனை ஆகாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளையும் அதன் சொந்த எதிர்ப்புப் பொருளையும் பிரித்துப் பார்க்க முடியாது. பாட்டியின் கையில் ஊசி குத்தும் முன் இன்னொன்றையும் கேளுங்கள்: போன ஒரு வருஷத்துக்குள் கக்குவான் தடுப்பூசி எதுவும் போட்டுக்கொண்டாரா? ஆம் என்றால் அந்த ரத்தத்தை எடுக்க வேண்டாம்.