பரிசுப் பணத்தை நம்பி ட்ரையத்லானில் இறங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. நீச்சலில் மாநிலப் பதக்கம் வாங்கியவள், ஓட்டத்திலும் கெட்டிக்காரி. "ட்ரையத்லான்தான் என் தொழில்" என்று பிடிவாதமாக நிற்கிறாள். இதில் பணம் எங்கிருந்து வருகிறது? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
- வாசகி ஒருவர், கோவை

பதில்: முடியும். ஆனால் உலகம் முழுக்கத் தேடினாலும் அப்படிப் பிழைப்பவர்கள் மிகச் சிலர்தான். இந்த விளையாட்டின் வருமானம் வரும் வழி அப்படி.

கிரிக்கெட்டுக்குப் பணம் தருபவர் பார்வையாளர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லானுக்குப் பணம் தருபவர் பங்கேற்பாளர். உதாரணமாக, 1978-இல் ஹவாயில் 15 பேரோடு தொடங்கியது அயர்ன்மேன் போட்டி: 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், பிறகு ஒரு முழு மாரத்தான். அதை நடத்தும் நிறுவனத்தை 2015-இல் சீனாவின் வாண்டா குழுமம் 65 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-இல் அது 73 கோடி டாலருக்கு அமெரிக்க நிறுவனமான அட்வான்ஸிடம் கைமாறியது. டிவி உரிமையால் வந்த மதிப்பல்ல இது. வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுத்து, பல நூறு டாலர் நுழைவுக் கட்டணம் கட்டி வரும் அமெச்சூர்களால் வந்தது. தொழில்முறை வீரர்கள் அந்த வியாபாரத்தின் விளம்பர முகங்கள்.

அதனால் பரிசும் மேல்வரிசையிலேயே நின்றுவிடுகிறது. அயர்ன்மேன் உலகச் சாம்பியன் போட்டியில் முதலிடத்துக்கு 1,25,000 டாலர். முதல் 15 இடங்களுக்கு மட்டுமே பரிசு. பதினாறாவதாக வருபவர் சைக்கிள், விமானம், பயிற்சியாளர், பிசியோ என எல்லாச் செலவையும் கையிலிருந்து போட வேண்டும். அயர்ன்மேன் போன்ற முழுத் தூரப் போட்டியை ஆண்டுக்குச் சில முறைதான் உடம்பு தாங்கும். நடுவில் ஒரு காயம் பட்டால் அந்த ஆண்டு வருமானமே போயிற்று. பெரும்பாலோரின் வண்டி ஸ்பான்சர் தயவில்தான் ஓடுகிறது.

இதை மாற்றத்தான் வீரர்களே பங்குதாரர்களாக இருக்கும் பி.டி.ஓ. அமைப்பு முயல்கிறது. 2024-இல் அது தொடங்கிய டி100 தொடரில் 2 கி.மீ. நீச்சல், 80 கி.மீ. சைக்கிள், 18 கி.மீ. ஓட்டம். எட்டு மணி நேர அயர்ன்மேன் போட்டியை முழுதாகக் காட்டுவது டிவிக்குக் கடினம். இதுவோ ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முன்னே போகும் சைக்கிளின் காற்று மறைவில் ஒதுங்கிச் சக்தி மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதற்காக 20 மீட்டர் இடைவெளி விதித்திருக்கிறார்கள். சைக்கிளின் பின்புறம் ஒரு சிறு கருவி. பின்னால் வருபவர் மிக அருகே நெருங்கினால் அதில் விளக்கு எரிந்து அவரை எச்சரிக்கும். முதல் ஆண்டு ஒவ்வொரு போட்டியிலும் வெற்றியாளருக்கு 25,000 டாலர், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. 2020-லேயே மகப்பேறுக் காலத்துக்கும் உதவித்தொகை அறிவித்த அமைப்பு இது. பெண்ணைப் பெற்றவர் என்பதால் உங்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனாலும் இந்தப் பணத்தில் பெரும்பகுதி முதலீட்டாளர்கள் போடுவது. ஒளிபரப்பு வருமானம் நிலைபெறும்வரை இதை உறுதியான சம்பளமாக நினைக்க முடியாது.

உங்கள் மகள் முதலில் ஒலிம்பிக் தூரத்தைப் பழகட்டும்: 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 2000 சிட்னியிலிருந்து இது ஒலிம்பிக்கில் இருக்கிறது. இங்கே சைக்கிளில் கூட்டமாகச் செல்லலாம் என்பதால், நீச்சலில் பின்தங்குபவர் முன்னணிக் குழுவைத் தவறவிட்டுத் தனியே காற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். நல்ல நீச்சல்காரிக்கு இது பெரிய பலம். ஜெர்மனியின் யான் ஃப்ரோடெனோ 2008 பெய்ஜிங்கில் தங்கம் வென்ற பிறகுதான் நீண்ட தூரத்துக்கு மாறி, மூன்று முறை ஹவாயில் சாம்பியன் ஆனார்.

அவளைத் தடுக்காதீர்கள். ஆனால் படிப்பை நிறுத்தவும் விடாதீர்கள். கடன் வாங்கி விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம். சாதாரண ரோடு சைக்கிளே இப்போதைக்குப் போதும். பட்டம் வாங்கும்வரை இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். முழுநேரமாக இறங்குவதா என்பதை அப்போது போட்டிகளில் அவள் எடுக்கும் நேரங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.