பிரெஞ்சுச் சொல்லை எங்கே உடைப்பது?

கேள்வி: பிளஸ் ஒன்னில் மொழிப்பாடமாக பிரெஞ்சு எடுத்திருக்கிறேன். பந்தைக் குறிக்கும் சொல்லை வரி முடிவில் 'பல்-லோன்' என்று உடைக்கிறது புத்தகம். அப்படியே வாசித்தால் 'ப-லோ' என்று திருத்துகிறார் டீச்சர். எது சரி? தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த எனக்கு உச்சரிப்பு வருமா?
- மாணவி, கோவில்பட்டி

பதில்: இரண்டும் சரி. தாளில் உடைக்க ஒரு விதி, வாயில் உடைக்க வேறு விதி. இரட்டை எழுத்து வந்தால் எழுத்தில் நடுவே கோடு போடுவார்கள். சொல்லும்போது ஒரே எல்தான். 'கலை'யும் 'கல்லை'யும் தமிழில் வேறுவேறு என்பதால் நீங்கள் அழுத்திவிடுகிறீர்கள்.

வாய்க்கான விதி எளிது. பிரெஞ்சு அசை கூடியவரை உயிரில் முடியப் பார்க்கும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் வந்தால் பின்னால் போகும்: நண்பனுக்கு 'அ-மி'. இரண்டு மெய் வந்தால் பக்கத்துக்கு ஒன்று: 'மெர்-சி'. ஆனால் 'ப்ர', 'ப்ல' போன்றவை பிரியாமல் பின்னால் போகும்: 'அ-ப்ரெ', 'த-ப்லோ'. நமக்கு இடறுவது இங்கேதான். தமிழ்ச் சொல் 'ப்ர' என்று தொடங்காது. அதனால் 'அப்-ரெ' என்றே வாய் போகும். 'அ' சொல்லி நிறுத்தி, 'ப்ரெ' சொல்லிப் பழகுங்கள்.

தமிழும் அமுதும் சேர்ந்தால் த-மி-ழ-மு-து என்று ழகரம் அடுத்த உயிரோடு ஏறிக்கொள்கிறதல்லவா? பிரெஞ்சிலும் அதே கதை. 'லெ'யும் 'அமி'யும் சேர்ந்தால், 'லெ'யின் முடிவில் அதுவரை ஒலிக்காமல் கிடந்த எஸ் எழுந்து 'லெ-ஸ-மி' ஆகும். அந்த 'ஸ' வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர வேண்டும்.

எல்லாரும் பயப்படும் மூக்கொலி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'அவன் வந்தான்' என்று வீட்டில் பேசும்போது கடைசி ன்-னுக்கு நாக்கு மேலே தொடுவதில்லை. உயிரொலியே மூக்கு வழியாக வருகிறது. 'பணம்' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள்: உதடு மூடாது, முடிவில் ஒகரம் மூக்கில் நிற்கும். 'பலோ'வின் கடைசி ஒலி ஏறக்குறைய அதுதான். செய்தி வாசிப்பதுபோல் ம்-மை முழுதாகச் சொன்னால்தான் கெட்டுப்போகும். இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. கரிசல் பேச்சைக் கேட்டு எழுதியதுபோல, உங்கள் பேச்சையே காதால் கவனியுங்கள்.

புதிதாகக் கற்க வேண்டியவையும் உண்டு. எட்டயபுரத்து பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த, கி.ரா. 2021இல் மறையும்வரை குடியிருந்த புதுச்சேரிக்குப் போனால் 'ரூ துமா' என்ற தெருப்பலகையை வாசியுங்கள். 'ரூ', 'து' இரண்டிலும் வருவது நம் உகரமல்ல. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து, உள்ளே 'ஈ' சொல்ல வேண்டும். ரகரம் நாக்கு நுனியில் அல்ல, தொண்டைப் பக்கம் பிறக்கும். 'துமா'வின் கடைசி எஸ் எழுத்தில் மட்டுமே.

தினமும் பத்துச் சொல் எடுத்து, ஒலிப்பதிவை முதலில் கேளுங்கள். பிறகு அசைக்கு ஒரு தட்டு தட்டிச் சொல்லுங்கள். எல்லாத் தட்டும் ஒரே அளவு. கடைசி மட்டும் சற்று நீளட்டும். புத்தகத்தை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.