விரல் போனது பிரஸ்ஸில். பொறுப்பு யார் தலையில்?

கேள்வி: எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா பையனுக்கு 25 வயது. கான்ட்ராக்டர் மூலம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல் போய்விட்டது. 'அவன் எங்கள் ரோலில் இல்லை' என்கிறது கம்பெனி. 'ஆள் அனுப்புவதோடு என் வேலை முடிந்தது' என்கிறார் கான்ட்ராக்டர். யாரிடம் கேட்பது?

– வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: இருவரிடமும் கேட்கலாம். கம்பெனி தப்பிக்க முடியாது.

1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. கம்பெனியின் வழக்கமான தொழிலைக் கான்ட்ராக்டரின் ஆள் கம்பெனி வளாகத்தில் செய்யும்போது அடிபட்டால், நேரடித் தொழிலாளிக்குத் தருவது போலவே கம்பெனி இழப்பீடு தர வேண்டும். கொடுத்த பணத்தைப் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அது அவர்களுக்குள் உள்ள கணக்கு. தொழிலாளி அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், கான்ட்ராக்ட் ஆளுக்கும் அது உண்டு. சந்தாவை முதலில் கட்ட வேண்டியது கம்பெனி. கான்ட்ராக்டரின் பில்லில் பிறகு பிடித்துக்கொள்ளலாம். எனவே, 'கான்ட்ராக்டர் பதிவு செய்யவில்லை' என்பது சாக்காகாது. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால், இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சிகிச்சைக் காலத்தில் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், மாதாமாதம் பணம் வரும். இ.எஸ்.ஐ. வாங்குபவர் இதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்திலும் கேட்க முடியாது.

இ.எஸ்.ஐ. பொருந்தாத வேலையிடமென்றால் இழப்பீட்டுக் கணக்கு இப்படி: மாதச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 9,000. அதை 25 வயதுக்கான காரணி 216.91-ஆல் பெருக்கினால் 19,52,190. ஒரு கையில் இரண்டு விரல் இழப்புக்குச் சட்டப் பட்டியல் சொல்வது 20 சதவீதம். ஆக, 3,90,438 ரூபாய். இருபதாயிரத்தைக் கையில் திணித்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி ரயிலேற்றி அனுப்பினாலும் இந்த உரிமை போய்விடாது. அப்படி விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

பட்டியலே முடிவும் அல்ல. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை இழந்த தச்சருக்கு 100 சதவீத வருவாய் இழப்பு என்பதை 1975-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரு கையால் தச்சு வேலை நடக்காது. விபத்து நடந்த நாளிலேயே பணம் கொடுக்கும் கடமை பிறந்துவிடுகிறது என்றும் சொன்னது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, தக்க காரணமில்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம்.

'பையன்தான் சென்சாரை ஆஃப் செய்தான்' என்று கம்பெனி சொல்லக்கூடும். தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்புக் கருவியை அகற்றினால் உரிமை பாதிக்கப்படும் என்பது உண்மை. ஆனால் ஷிஃப்ட் டார்கெட்டை எட்ட சூப்பர்வைசர் ஆஃப் செய்து வைத்த மெஷினில் விரல் போனால், அந்த வாதம் நிற்காது. கூட வேலை செய்தவர்கள் ஊர் மாறிப் போவதற்குள் அவர்களின் பெயரும் செல்போன் எண்ணும் வாங்கிவைப்பது நல்லது.

2025 செப்டம்பர் 30 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் 9 தொழிலாளர்கள் இறந்தார்கள், அசாமிலிருந்து வந்தவர்கள். தலா 10 லட்சம் ரூபாயை முதல்வர் அறிவித்தார். அது அரசின் நிவாரணம். சட்டப்படியான இழப்பீடு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது.

பையன் கேட் பாஸ், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்தட்டும். இழப்பீடு கேட்கும் மனுவில் கம்பெனி, கான்ட்ராக்டர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். விபத்து நடந்த 2 ஆண்டுக்குள் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. ஊர் திரும்பிவிட்டாலும் ஒடிசாவிலேயே மனு கொடுக்கலாம்; விசாரணைக்காகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து தங்க வேண்டியதில்லை.