அப்பர் தோளில் சாய்ந்திருப்பது என்ன?

கேள்வி: சிவன் கோயிலில் நால்வர் வரிசையில் ஒருவர் கைகூப்பி நிற்கிறார். அவர் தோளில் துடுப்பு போல ஒன்று சாய்ந்திருக்கிறது. அது ஆயுதமா? அவரிடம் அது எப்படி வந்தது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அது உழவாரம். நீண்ட கைப்பிடியின் நுனியில் தட்டையான இரும்புத் தகடு பொருத்திய, புல் செதுக்கும் கருவி. அதைத் தாங்கி நிற்பவர் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், அதாவது அப்பர்.

தேவாரம் பாடியவருக்கு ஏடும் எழுத்தாணியும்தானே பொருத்தம் என்று தோன்றலாம். ஆனால் அப்பர் ஊர் ஊராகப் போய்ப் பதிகம் பாடியதோடு நிற்கவில்லை. கோயில் பிராகாரங்களில் மண்டிய புல்லையும் முள்ளையும் தம் கையாலேயே செதுக்கினார். அவருடைய தமக்கை திலகவதியாரும் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகி வந்தவர். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்ன, அவற்றையும் பருக்கைக் கற்களாகவே எண்ணி உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம்.

அதற்கு முன்பே அடியார்களுக்குத் திருமேனி எடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. ராஜராஜசோழன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் நிர்வாகியான ஆதித்தன் சூரியன் என்பவர் திருநாவுக்கரசர், சம்பந்தர், சுந்தரர் ஆகியோருக்குச் செப்புத் திருமேனிகள் செய்தளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

இத்தகைய திருமேனிகளில் ஆளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் கைப்பொருள்தான். குழந்தை வடிவில், ஒரு கையில் கிண்ணமும் மறுகையில் சுட்டுவிரலுமாக நிற்பவர் சம்பந்தர். சீர்காழிக் குளக்கரையில் உமையம்மை பாலூட்டிய கிண்ணம் அது. ஓலைச்சுவடி ஏந்தியவர் மாணிக்கவாசகர். எலும்பும் தோலுமான உருவத்தின் கையில் தாளம் இருந்தால் காரைக்காலம்மையார். மழு இருந்தால் சண்டிகேசுவரர். தந்தை பால்குடத்தை உதைத்தபோது அவர் எடுத்த கோலே மழுவாயிற்று என்பது புராணம். ஒவ்வொருவர் வாழ்வையும் ஒரே பொருளில் சொல்லிவிட்டார்கள் நம் சிற்பிகள்.

அவற்றுள் உழவாரத்துக்குத் தனிப் பெருமை உண்டு. உடலுழைப்புக்கான ஒரு கருவி கருவறைச் சுற்றில் நின்று பூசை பெறுகிறது. இன்றும் கோயில்களைத் துப்புரவு செய்யும் அன்பர்கள் தங்கள் வேலையை உழவாரப்பணி என்றே அழைக்கிறார்கள். பாடியதற்குச் சமமாக அப்பர் பெருக்கியதையும் நம் மக்கள் போற்றியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.