ஒரே பந்தி, பல நோன்பு: பள்ளி விழாச் சாப்பாட்டுக்கு 20 குறிப்புகள்

எங்கள் பிள்ளைகள் படிக்கும் சென்னைப் பள்ளியில் ஆண்டு விழா, குழந்தைகள் தினம், கிறிஸ்துமஸ் என எது வந்தாலும் சாப்பாட்டுப் பொறுப்பு பெற்றோர் தலையில்தான். நான் அந்தக் குழுவில் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம், "எல்லாருக்கும் சைவம், யாருக்கும் பிரச்சினையில்லை" என்று வெஜ் பிரியாணி, வெங்காயப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் என்று முடித்துவிட்டோம். பந்தி நடுவே மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்பளத்தை மட்டும் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயின் வீட்டுப் பிள்ளை; வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. "ஏம்மா சாப்பிடலை?" என்றதற்கு, "பசிக்கலை ஆன்ட்டி" என்றாள். பசி இல்லாமல் இல்லை. எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சம்.

எட்டு வயதுப் பிள்ளை பந்தியில் உட்கார்ந்து தன் வீட்டு வழக்கத்தை விளக்க வேண்டியிருந்தால், பெரியவர்கள் நாம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை பாக்கி என்று அர்த்தம். அதன்பின் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

தேதி குறிக்கும்போதே

1. முதலில் காலண்டரை விரியுங்கள். ஆண்டு விழாக்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வருகின்றன. ரமலான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2026-ல் ரமலான் தொடக்கமும் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பிப்ரவரி 18-ஐ ஒட்டியே அமைந்தன. 2027-ல் பிப்ரவரி முதல் பாதியிலேயே ரமலான் வந்துவிடும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்பன் மாலை, புரட்டாசிச் சனிக்கிழமை, தீபாவளி முடிந்ததும் கந்த சஷ்டி, ஆகஸ்ட் - செப்டம்பரில் ஜெயின்களின் பர்யூஷன் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளி அலுவலகத்தில் ஒட்டிவிடுங்கள். தேதியை நகர்த்த முடியாவிட்டாலும் சாப்பாட்டை மாற்றலாமே.

2. சுற்றறிக்கையில் மதத்தைக் கேட்காதீர்கள், சாப்பாட்டைக் கேளுங்கள். எங்கள் தாளில் டிக் அடிக்க ஏழே கேள்விகள்: முட்டை சாப்பிடுவாரா? இறைச்சி உண்டா, ஹலால் மட்டுமா? வெங்காயம், பூண்டு, கிழங்கு வகை ஆகுமா? சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவாரா? அன்று நோன்போ விரதமோ உண்டா? பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவாரா? நிலக்கடலை, பால் போன்றவற்றால் அலர்ஜி உண்டா? அலர்ஜியையும் சேர்த்துக் கேட்டதால், இது ஏதோ சிலருக்கான தாள் என்று யாரும் நினைக்கவில்லை. வகுப்பு முழுக்கப் பூர்த்தி செய்து கொடுத்தது.

3. பெயரைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஜெயின் என்றால் சௌகார்பேட்டை என்று நினைப்போம். வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் தமிழ் ஜெயின் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் நம் பிள்ளைகள் பெயர் மாதிரியேதான் இருக்கும். ஆனால் இருட்டியபின் சாப்பிடாத வழக்கம் அந்த வீட்டில் இருக்கலாம். கிறிஸ்தவர்களில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் பன்றிக்கறி, இறால், நண்டு தொடமாட்டார்கள், பலர் சைவமே. ஐயர் வீட்டுப் பிள்ளை ஆம்லெட் கேட்பதும் உண்டு. தாளில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

சமையல் மாஸ்டரிடம் பேசும்போது

4. "சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். மாஸ்டர் கணக்கில் சைவம் என்றால் கறி இல்லை, அவ்வளவுதான். இஞ்சி-பூண்டு விழுது அவர் கையில் தானாக வந்துவிடும். எது போடக்கூடாது என்று பட்டியல் எழுதி, அடுப்புப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

5. வெங்காயம் கடைசியில் சேரட்டும். சாம்பாரை வெங்காயம் இல்லாமல், பெருங்காயம் தூக்கலாகப் போட்டு இறக்குங்கள். தேவையான அளவு தனியே எடுத்து வைத்தபின், மீதியில் வதக்கிய சின்ன வெங்காயத்தைக் கொட்டினால் ஒரே அடுப்பில் இரண்டு சாம்பார். பூசணி, முருங்கை, புடலை, பீர்க்கன் எல்லாம் ஒத்துவரும். கத்தரிக்காயைப் பல ஜெயின் வீடுகளில் சேர்ப்பதில்லை. உருளைக்குப் பதில் வாழைக்காய் வறுவல். பச்சை இஞ்சி மண்ணுக்குள் விளைவது, ஆகாது. காய்ந்த சுக்கு ஆகும். பர்யூஷன் நாட்களில் பலர் கீரை, பச்சைக் காய்களையும் விடுவதால் பருப்பு, பயறு வகையை வையுங்கள்.

6. கலந்த சாதம் கைகொடுக்கும். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் ஆகிய நான்கிலும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் ருசி குறையாது. தயிர் சாதத்தில் இஞ்சியும் கேரட் துருவலும் தூவும் கையை மட்டும் பிடித்து நிறுத்துங்கள், மாதுளை போடலாம்.

7. குஸ்கா சைவம் அல்ல. "பீஸ் இல்லாமல் கொடுங்க" என்று வாங்குவது கறி பிரியாணிச் சாதம்தான். எங்கள் விழாவிலேயே, தெரியாமல் ஒரு தன்னார்வலர் சைவப் பிள்ளைக்குக் குஸ்கா வைத்துவிட்டார். வெஜ் பிரியாணியோ பிரிஞ்சியோ தனிப் பாத்திரத்தில் செய்யப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

8. எண்ணெயைக் கவனியுங்கள். முட்டை பஜ்ஜி போட்ட சட்டியிலேயே வாழைக்காய் பஜ்ஜியும் போட்டால் அது சைவம் ஆகாது. இரண்டு அடுப்பு வைக்க வசதியில்லை என்றால் முட்டை பஜ்ஜியை விட்டுவிடுங்கள்.

9. கறி போடுவதானால் ஹலால் கடையில் வாங்கி, எந்தக் கடை என்பதையும் அட்டையில் எழுதுங்கள். அமிர்தம் பெற்ற சீக்கியர்கள் ஹலால் இறைச்சி சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்கும் இது தெரிய வேண்டும் அல்லவா?

கடையில் வாங்கும்போது

10. பாக்கெட்டில் இருக்கும் குறியைப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை சேர்ந்தாலும் நம் நாட்டில் பழுப்புக் குறிதான். ஆனால் பச்சைக் குறி வெங்காயம், பூண்டு பற்றி எதுவும் சொல்லாது. சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

11. ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் ஐ.என்.எஸ் 120 பூச்சியிலிருந்து வருவது. இத்தனை ஆராய்ச்சி வேண்டாம் என்றால் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு இருக்கவே இருக்கின்றன. கடலை அலர்ஜி உள்ள பிள்ளை இருந்தால் எள்ளுருண்டையோ கமர்கட்டோ போதும்.

12. கிறிஸ்துமஸ் கேக் என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள்: முட்டை உண்டா, பழங்களை ரம்மில் ஊறவைத்தார்களா? ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்த முட்டையில்லா பிளம் கேக் செய்து தரச் சொன்னால் பேக்கரியில் செய்து தருகிறார்கள். ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். ஒரே கேக்கை எல்லாரும் வெட்டிச் சாப்பிடும் சந்தோஷம் தனி.

13. வெள்ளித்தாள் ஒட்டாத பர்ஃபி கேளுங்கள். விலங்குக் குடல் தோல் அடுக்குகளுக்கு நடுவே வைத்து வெள்ளியை அடித்துத் தகடாக்குவது பழைய முறை. இப்போது உணவுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனாலும் பல சைவக் குடும்பங்கள் வெள்ளித்தாளைத் தவிர்க்கின்றன. ஒட்டாவிட்டால் இனிப்பின் ருசி ஒன்றும் குறைந்துவிடாது.

பூஜையும் நோன்பும்

14. சரஸ்வதி பூஜைச் சுண்டலைப் படைக்கும் முன்பே பாதியை எடுத்து வேறு பாத்திரத்தில் வையுங்கள். முஸ்லிம்களிலும் கிறிஸ்தவர்களிலும் பலர் சுண்டல் சாப்பிடுவார்கள். படைத்த சுண்டல்தான் ஆகாது. "பிரசாதம்", "படைக்காதது" என்று இரண்டு அட்டை போதும். "ஒரு வாய்தானே, சாமி கோவிச்சுக்காது" என்று மட்டும் வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு வாய்க்காக வீட்டில் பிள்ளை எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நமக்குத் தெரியாது.

15. மாலை விழாவில் சூரியனைப் பார்த்துப் பரிமாறுங்கள். சென்னையில் பிப்ரவரி, மார்ச்சில் பொழுது சாய்வது மாலை 6.10 முதல் 6.20-க்குள். இருட்டியபின் சாப்பிடாத ஜெயின் பிள்ளைகள் அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். ரமலான் நோன்பு வைத்தவர்கள் அதற்குப் பிறகுதான் வாயில் தண்ணீரே வைக்க முடியும். ஐந்தரைக்கு முதல் பந்தி, ஆறே காலை ஒட்டிப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும். நேரத்தைப் பள்ளிவாசல் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சியைக் கறி போடாமல் செய்தால் மற்றப் பிள்ளைகளிலும் பலர் ஒரு கப் குடிப்பார்கள். தொழுகைக்கு ஒரு வகுப்பறையைத் திறந்து வையுங்கள். நாடகத்தில் நடிக்கும் பிள்ளை நோன்பாளி என்றால், அந்த நேரத்தில் மேடையில் நிற்காதபடி நிகழ்ச்சி வரிசையை மாற்றிவிடலாம்.

16. மதிய விழாவில் நோன்புப் பிள்ளையைப் பந்திக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். ஒலிபெருக்கி, புகைப்படம், பரிசுப் பட்டியல் என்று அந்த நேரத்தில் அவர்களுக்குப் பிடித்த வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பலாம். வெயில் நேரம், கெட்டுப்போகாததாக இருக்கட்டும். சின்னப் பிள்ளை பாதியில் பசி தாங்காமல் நோன்பை விட்டால் அதை ஒரு செய்தியாக்க வேண்டாம்.

17. ஐயப்பனுக்கு மாலை போட்ட பிள்ளையை, எல்லாரும் கூப்பிடுவது போல "சாமி" என்றே கூப்பிடுங்கள். கறி சமைத்த பாத்திரத்தில் செய்ததைப் பலர் தொடமாட்டார்கள். சில வீடுகளில் வெளிச்சாப்பாடே கிடையாது. உரிக்காத வாழைப்பழம், சீவாத இளநீர் வைத்திருங்கள். தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளில் ஒருசந்தி இருப்பார்கள்; வெள்ளிக்கிழமை சுத்த போசனம், அதாவது இறைச்சி கிடையாது. விழா வெள்ளியன்று என்றால் அன்றைக்குக் கறி வேண்டாம்.

பரிமாறும்போது

18. அட்டையைப் பேசவிடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால், இரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் அளவு பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: "வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லை", "முட்டை உண்டு", "கோழி, ஹலால்". பாத்திரத்துக்கு ஒரு கரண்டி. கரண்டிக் காம்பில் அட்டையின் நிறத்திலேயே நூல் கட்டுங்கள். வரிசையில் வெங்காயம் இல்லாதது முதலில், பிறகு மற்ற சைவம், முட்டை, கறி கடைசியில், கொஞ்சம் தள்ளி. பரிமாறுகிறவர் பாத்திரம் மாறினால் கை கழுவட்டும். தவறு நடந்தால் மறைக்காமல் அன்றே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். குஸ்கா நடந்த அன்று நான்தான் போன் செய்தேன். அந்த அம்மா வருத்தப்பட்டார். அடுத்த வருஷம் அவரே வந்து கரண்டி பிடித்தார்.

19. இல்லை என்று சொல்லும் இடத்தில் பதிலுக்கு ஒன்றை வையுங்கள். தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. நம் பந்தியிலும் அதே கணக்கு: கேக் ஆகாத பிள்ளைக்கு இனிப்பாக வேறொன்று, அதே தட்டில், அதே வரிசையில். தனி மேஜை போட்டு "ஜெயின் டேபிள்" என்று பெயர் வைக்காதீர்கள். பத்துப் பேர் எழுதிக் கொடுத்தால் பதினைந்து பேருக்குச் செய்யுங்கள். பக்கத்துப் பிள்ளையும் கேட்கும். முடியாததை முன்பே சொல்லிவிடுங்கள். "எங்கள் சமையலறையில் தனிப் பாத்திரம் இல்லை, வீட்டிலிருந்து டப்பா கொண்டு வரலாம்" என்று ஒரு வாரம் முன்னால் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை; பந்தியில் தெரிந்தால்தான் மனசு கசக்கும்.

20. விழா முடிந்த இரவே நோட்டில் எழுதுங்கள், காலையில் பாதி மறந்துவிடும். எது மிஞ்சியது, எது போதவில்லை, எந்த அட்டையை யாரும் படிக்கவில்லை, அடுத்த வருஷம் ரமலான் எந்த வாரம் என்று எழுதி, குழுவுக்கு வரும் அடுத்தவர் கையில் கொடுங்கள். எங்கள் நோட்டில் இரண்டாம் வருஷத்துப் பக்கம் இப்படி முடிகிறது: "புளியோதரை முதல் பந்தியிலேயே காலி. அப்பளம் மிஞ்சிவிட்டது."