பெற்றோர் சாயலும் வினையும்

சென்ற ஆடித் திங்களில் ஒரு மாலை. பொழுது சாய்ந்து, தெருவிளக்கும் எரியத் தொடங்கிய பின்னரே நம் பெயர்த்தி கல்லூரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தாள். வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டதாம். "பாட்டி, பசிக்கிறது" என்றாள். நாம் இருந்த இடத்தை விட்டு எழாமலேயே, "பொழுது போனபின் இந்த வீட்டில் அடுப்புக்கு வாய் கிடையாது" என்றோம். அவள் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அச்சொற்கள் நம்முடையவை அல்ல. 1969இல் ஆசிரியர் பயிற்சி பெற்று வந்தபோது, ஒரு மழை நாளில் நனைந்து தாமதமாக வீடு திரும்பிய நம்மிடம் எம் தாயார் கூறியவை. ஒரு சொல்லும் மாறவில்லை. கடைசிச் சொல்லை இழுத்துச் சொல்வதும், சொல்லி முடித்தவுடன் தலையை ஒருபுறம் திருப்பிக்கொள்வதும்கூட மாறவில்லை. அன்றிரவு பசியோடு படுத்து, 'நாம் ஒருநாளும் ஒரு குழந்தையிடம் இப்படிப் பேசமாட்டோம்' என்று உறுதி பூண்டது நன்றாக நினைவிருக்கிறது. அவ்வுறுதி எங்கே போயிற்று?

அதன்பின் நம்மை நாமே கவனிக்கத் தொடங்கினோம். எம் தந்தையார் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை. முழு அளவு 120 அடி. ஜூன் 12ஆம் நாள் அணை திறந்தால் குறுவை உண்டு. தள்ளிப்போனால் சம்பாவை மட்டும் நம்பியிருக்க வேண்டும். நிலத்தை விற்ற பின்னரும், "மேட்டூர் எவ்வளவு?" என்று கேட்பதை அவர் விடவில்லை. நாம் சிரிப்போம். இன்று நமக்கு ஒரு குழி நிலமும் இல்லை. ஆயினும் 2022இல் மே 24ஆம் நாளே அணை திறக்கப்பட்டதென்று படித்தபோது அளவற்ற மகிழ்ச்சி. 2024இல் அது ஜூலை 28 வரை தள்ளிப்போனபோது உறக்கம் வரவில்லை. தண்ணீர் வந்ததா என்று பார்க்க வெண்ணாற்றுப் பாலம் வரை நடந்தும் போனோம். பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தோம் என்பதைப் பாதி வழியில்தான் உணர்ந்தோம். அது தந்தையாரின் நடை.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று நம் ஊரில் சொல்லி முடித்துவிடுவார்கள். பயிற்சிப் பள்ளியில் உளவியல் கற்றவர்கள், பெரியவர் செய்வதைக் கண்டு குழந்தை செய்வதே காரணம் என்பார்கள். 1961இல் ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்று உண்டு. பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைக் கண்ட சிறுவர்கள், தனியே விடப்பட்டபோது அவ்வாறே அடித்தார்களாம். உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் கண்டு வளர்ந்த பிள்ளை எதை எடுத்துக்கொள்கிறது, எதை விடுகிறது என்பதற்கு அதில் முழு விடை இல்லை.

நம் அறநூல்கள் கூறுவதைக் காண்போம். ஒருவர் கட்டிய வினையை மற்றொருவர் நுகர்வதில்லை. நிலம் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதுபோல வினை வருவதில்லை. அவரவர் வினை அவரவரைச் சாரும். அப்படியானால் இச்சாயல் எங்கிருந்து வந்தது?

எண்வினைகளுள் நாம வினை என்பது உடலை அமைப்பது. அதன் உட்பிரிவுகளுள் நடைக்கு விகாயோகதி என்றும், குரலுக்குச் சுஸ்வரம், துஸ்வரம் என்றும் தனித்தனியே பெயர் உண்டு. நாம் பலகாலம் இப்பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்தோமே தவிர, வெண்ணாற்றுப் பாலத்தில் நம் நடையைக் கண்டபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. இன்ன குடியில் பிறத்தல் கோத்திர வினையால் ஆவது. இவ்விரண்டும் அகாதி வினைகள்; அருக நிலை எய்தியவரிடத்தும் உடல் உள்ளவரை இருப்பவை. ஆகவே தாயின் குரலும் தந்தையின் நடையும் நமக்கு வாய்த்ததில் கேடொன்றும் இல்லை.

அக்குரலில் ஏறி வந்ததோ வேறு. அது மோகனீயம். அதன் நால்வகைக் கசாயங்களுள் இரண்டாவதான மானம், அதாவது செருக்கு. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நேமிசந்திரர் தம் கோமட்டசாரத்தில் செருக்கின் வன்மையை நான்கு உவமைகளால் அளந்து காட்டுகிறார்: கல், எலும்பு, மரம், பிரம்பு. கல் வளையாது; பிரம்பு எளிதில் வளையும். எம் தாயார் நோன்பு தவறாதவர். துணியில் நீரை வடிகட்டினால், துணியில் தங்கியதை அதே கிணற்றில் திரும்பச் சேர்க்காமல் வேறு வேலை பார்க்கமாட்டார். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு இரங்கிய அவர், ஈரச் சேலையுடன் நின்ற மகளிடம் ஒரு சொல் இரங்கவில்லை. 'நம் வீட்டு ஒழுக்கம்' என்னும் செருக்கு இடையே நின்றது. குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர் நமக்குள் இருக்கிறார் என்பதனால் எழுதுகிறோம்.

இவ்விடத்தில் சிந்தாமணியை நினைக்கிறோம். உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் பணிபுரிந்தபோது, அவ்வூர்ச் சமணர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்து 1887இல் பதிப்பித்த நூல் அது என்பதில் நம் காவிரி நாட்டுச் சமணருக்கு ஒரு பெருமை உண்டு. (இதுவும் மானம்தானோ!) சச்சந்தன் காமத்தில் அழுந்தி ஆட்சியைக் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான், அரசையும் உயிரையும் இழந்தான். சீவகன் பிறந்ததோ சுடுகாட்டில். தந்தையின் முகத்தையே கண்டதில்லை. கந்துக்கடன் என்னும் வணிகன் வளர்த்தான். ஆயினும் இன்ப நாட்டம் அவனிடமும் மிகுதி. மணநூல் என்று அக்காப்பியத்திற்குப் பெயர் வருமளவுக்கு மிகுதி. கண்டு பழகாத தந்தையின் சாயல் அது. பண்டூரா இதற்கு என்ன சொல்வாரோ! ஆனால் தன் பிறப்பை அறிந்து சீறி எழுந்த சீவகனிடம், ஓராண்டுக்குச் சினம் கொள்வதில்லை என்று ஆசிரியர் அச்சணந்தி வாக்குப் பெற்றார், அவன் காத்தான். முடிவில் குரங்கின் கைப் பலாச்சுளையைத் தோட்டக்காரன் பறித்ததைக் கண்ட அளவில் அரசு துறந்தான். முடி சூட்டிய மகனுக்குப் பாட்டன் பெயரே: சச்சந்தன்.

மனையும் பெற்றோரும் நிமித்தம். உபாதானம் நம் ஆன்மாவே. இப்பாடத்தை எத்தனையோ முறை பிறருக்கு எடுத்துரைத்திருக்கிறோம். அன்று மாலைக்குப் பின்னர் அதைச் சொல்ல நாக் கூசிற்று. இராவுணவு நீத்தல் என்னும் நோன்பு எம் தாயார் தந்த செல்வம், அதை விடப்போவதில்லை. அவர் நாவை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? தசலட்சண அறங்களுள் முதலாவது பொறை, இரண்டாவது பணிவு. மன்னிப்பு நாளில் எம் தாயார் மூத்தோர் அனைவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்பார். பெற்ற பிள்ளைகளிடம் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை.

மன்னிப்பு நாள் வரும்வரை காத்திருக்கவில்லை. மறுநாள் விடியலில் பெயர்த்தியை எழுப்பிக் கைகூப்பினோம். அவள் பதறி எழுந்து, "என்ன பாட்டி இது" என்று நம் கைகளைப் பிரித்துவிட்டாள். அன்று முதல் மதிய உணவோடு இன்னொரு டப்பாவும் கொடுத்தனுப்புகிறோம்: புளிச்சோறு, சில நாள் அவல். பேருந்து தாமதித்தால் பொழுது இருக்கும்போதே வழியில் உண்டுவிடலாம். நோன்பும் கெடுவதில்லை, வயிறும் காய்வதில்லை.

சில நாள் கழித்து அவள் கேட்டாள், "கொள்ளுப் பாட்டி உங்களுக்கு இப்படிக் கொடுத்தனுப்பினார்களா?"

"இல்லை" என்றோம். பிறகு டப்பாவின் மூடியை இன்னொரு முறை அழுத்தி மூடிக் கொடுத்தோம். அது எம் தாயாரின் பழக்கம்.